புதையற் காசும் அரசின் உரிமையும்

லிந்துலைப் பகுதியிலே தேயிலை மலையொன்றிற் கான் வெட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளி ஒருவரின் மண்வெட்டி, மண்ணுள் மறைந்து கிடந்த மட்கலம் ஒன்றிற் படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். கலம் உடைய, உள்ளிருந்து பச்சைக் களிம்பேறிய காசுகள் சில உதிர்கின்றன. அவற்றை மடியிற் கட்டிக்கொண்டு லயத்துக்குச் செல்வதா, கங்காணியிடம் காட்டுவதா, துரையின் பங்களாவிற் சேர்ப்பதா, பொலிசு நிலையத்துக்கு எடுத்துச் செல்வதா என்று அவர் தயங்கி நிற்பார். அத்தயக்கத்தினுள்ளே சட்ட வரலாற்றின் மிகப் பழைய வழக்கொன்று அடங்கிக் கிடக்கின்றது. கண்டெடுத்தவர் அவர், நிலமோ அவருடையதன்று, காசை அடித்தவன் என்றோ மாண்ட ஓர் அரசன், புதைத்தவன் யாரென அறிவாரில்லை. இவர்கள் எல்லாருக்கும் அப்பால் நின்று, 'அஃது எனது' என்கின்றது அரசு. அரசு அவ்வாறு கூறுதற்கு ஆதாரம் யாது, அவ்வுரிமை எவ்வெவ்விடங்களில் எவ்வெவ்வாறு கொள்ளப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசு ஏனைய புதைபொருள்களைப் போன்றதன்று. பானையும் விளக்கும் செய்தவனுடையவை, பின்னர் வாங்கினவனுடையவை. காசோ பிறக்கும்போதே அரசனுடைய பெயரையும் இலச்சினையையும் தாங்கிப் பிறக்கின்றது. ஆயினும், அஃது ஒருமுறை கைமாறியபின் அரசனுடையதன்று, உழைத்துப் பெற்றவனுடையது. காலங் கடந்து வழக்கொழிந்தபின் அதுவே மூன்றாவது ஒரு தன்மையை அடைகின்றது. பணமாயிருந்தது சான்றாக மாறுகின்றது. பணமென்ற வகையில் அதன் மதிப்பு உலோக எடையளவே. சான்றென்ற வகையிலும், அரும்பொருள் சேர்ப்போர் விரும்பும் பொருளென்ற வகையிலும் அதன் மதிப்புக்கு எல்லையில்லை. உரிமைப் பிணக்குகள் யாவும் இவ்விரு மதிப்புகளுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் எழுகின்றன.

நம் முன்னோர் இதனை எவ்வாறு தீர்த்தனர்? கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இதுபற்றி விரிவாகவே பேசுகின்றது. சுரங்கம், மணி, புதையல் ஆகியவற்றைக் கண்டு அரசனுக்கு அறிவித்தவன் ஆறிலொரு பங்கு பெறுவான். நூறாயிரம் பணத்துக்கு மேற்பட்ட புதையல் அரசனைச் சேரும். அதனிற் குறைந்ததாயின் கண்டவன் ஆறிலொன்றை அரசனுக்குச் செலுத்திவிட்டு எஞ்சியதை வைத்துக்கொள்ளலாம். புதையல் தன் முன்னோர் வைத்தது என ஒழுக்கமுடைய குடிமகன் ஒருவன் சான்று காட்டுவானாயின், அது முழுவதும் அவனுக்கே உரியது. சான்றின்றி உரிமை கோரினால் ஐந்நூறு பணமும், மறைத்து எடுத்துக்கொண்டால் ஆயிரம் பணமும் தண்டமாகும். பெரும்பாலும் நியாயமான ஏற்பாடு என்றே இதனைக் கூறல் வேண்டும். ஆயின் இடையிலே ஒரு சிறு விதி உண்டு. கண்டவன் கூலியாளாயின் அவனுக்கு ஆறிலொன்று அன்று, பன்னிரண்டிலொன்றே. ஒரே மண்ணில், ஒரே கலத்தை, ஒரே அளவு வியர்வை சிந்தி எடுத்த இருவருள் ஒருவன் கூலிக்கு உழைத்தவன் என்பதனால் அவன் பங்கு பாதியாகின்றது. தோட்டப்புறத்திற் பிறந்த எவரும் இவ்விதியை ஒருமுறை நின்று படிப்பர்.

மனுவும் யாஞ்ஞவல்கியரும் வேறு கணக்குக் கூறுவர். கற்ற அந்தணன் கண்டது முழுவதும் அவனுக்கே என்றும், அரசன் தானே கண்டெடுத்தால் பாதியை அந்தணர்க்கு ஈந்து எஞ்சியதைக் கருவூலத்திற் சேர்க்கலாம் என்றும் அவர்தம் நூல்கள் விதிக்கின்றன. பங்கு வருணத்தோடு மாறுவதை இங்கே காண்கிறோம். நடைமுறை எவ்வாறு இருந்தது என்பதை விசயநகர வேந்தரும் அவர்வழி வந்தோரும் அளித்த நிலக்கொடைச் செப்பேடுகள் உணர்த்தும். நிலத்தைத் தானமாக வழங்குங்கால் நிதி, நிட்சேபம், சலம், பாடாணம் முதலான எட்டுவகை அனுபோகங்களோடும் வழங்குவதாக அவற்றில் எழுதுவது மரபு. நிதி என்பது புதையல். நிட்சேபம் என்பது மண்ணில் வைக்கப்பட்ட வைப்பு. இவற்றை வெளிப்படையாகக் கூறிக் கொடுக்கவேண்டியிருந்தது என்பதே, கூறாதவிடத்து அவை அரசனுக்குரியன எனக் கருதப்பட்டன என்பதற்குச் சான்றாகும். நிலத்தின் மேற்புறம் உழுபவனுக்கு, அடிப்புறம் வேந்தனுக்கு என்ற எண்ணம் மேலைநாட்டார் கொணர்ந்ததன்று.

மேலைநாட்டிலே இதற்கு நேர்மாறான விதியொன்று இருந்தமை வியப்பைத் தரும். உரோமப் பேரரசன் ஆதிரியன், ஒருவன் தன் நிலத்திற் கண்ட புதையல் அவனுக்கே உரியது என்றும், பிறன் நிலத்திலே தற்செயலாகக் கண்டால் பாதி கண்டவனுக்கும் பாதி நிலத்தவனுக்கும் உரியது என்றும் விதித்தான். யுத்தினியன் தொகுத்த சட்டநூல் இதனைப் பேணிவைத்தது. அரசனுக்கென ஒரு பங்கும் வைக்கப்படவில்லை. கண்டவன் கூலியாளா, கற்றவனா என்ற கேள்வியும் எழவில்லை. பின்னர் இவ்வுரோமச் சட்டமே ஒல்லாந்தர் வழியாக இலங்கைக் கரையோரத்தில் வேரூன்றியது. பிரித்தானியரோ தம் நாட்டு வழக்கின்படி, மீட்டெடுக்கும் எண்ணத்தோடு மறைத்துவைக்கப்பட்டு உரிமையாளர் அறியப்படாத பொன்னும் வெள்ளியும் முடிக்குரியன என்ற கொள்கையுடையோர். பொன்னும் வெள்ளியுமே அவ்வழக்கிற் புதையல். செம்பும் ஈயமும் முடியின் கண்ணிற் படவில்லை. இங்கிலாந்திலே 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டம் இப்பழைய வழக்கை நீக்கிப் புதிய வரையறைகளை வகுத்தது.

இந்தியாவை ஆண்டபோது பிரித்தானியர் இவ்விரு நெறிகளையும் கலந்து 1878ஆம் ஆண்டிற் புதையற் சட்டம் ஒன்றை ஆக்கினர். அது நுணுகி நோக்கத்தக்கது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பெறுமதியுள்ள புதையலைக் கண்டவர் மாவட்டக் கலெக்டருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். கலெக்டர் அறிவித்தல் விடுத்து, நான்கு மாதத்துக்கு முற்படாமலும் ஆறு மாதத்துக்குப் பிற்படாமலும் ஒரு நாளைக் குறித்து, உரிமை கோருவோரை அழைப்பார். நூறாண்டுக்குள் யாரேனும் புதைத்தது என நிறுவப்படாவிடின் அதனை உரிமையாளரற்ற பொருளெனத் தீர்மானிக்கலாம். நிலத்துக்குரியவர் உரிமை கோராதவிடத்து முழுவதும் கண்டவருக்கே. கோரினால், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, கண்டவருக்கு நாலில் மூன்றும் நிலத்தவருக்கு நாலில் ஒன்றும் ஆகும். கண்டவரின் பங்கு ஆதிரியன் கொடுத்ததிலும் மிகுதியாயிற்று என்பதைக் கவனிக்க. அறிவியாமல் மறைத்தவரோ தம் பங்கை இழப்பதோடு ஓராண்டுச் சிறைக்கும் ஆளாவார்.

ஆகவே இச்சட்டத்தில் அரசு உரிமையாளன் அன்று, நடுவன் ஆகும். ஆயினும் பின்வாயில் ஒன்று திறந்திருக்கின்றது. புதையலைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் அரசு அவ்வாறே செய்யலாம். அதற்குக் கொடுக்கவேண்டிய விலை, பொருளின் உலோக மதிப்பும் அம்மதிப்பின் ஐந்திலொரு பங்கும் ஆகும். பொன்னாயின் இது போதிய தொகை. செம்பாயின்? பாண்டியன் ஒருவனின் பெயர் பொறித்த, உலகில் வேறொன்றும் அறியப்படாத செப்புக்காசு ஒன்று கிடைக்கின்றது என்க. வரலாற்றாசிரியனுக்கு அது விலை மதிக்கவொண்ணாதது. சட்டத்தின்படி அதற்கு விலை சிறு துண்டுச் செம்பின் விலையும் அதில் ஐந்திலொன்றுமே. அருமைக்கு அங்கே விலையில்லை. கண்டவர் பலர் காசை உருக்கித் தட்டானிடம் விற்றதற்கும், இரகசியமாகச் சேர்ப்போர் கையிற் கொடுத்ததற்கும் வெறும் பேராசையே காரணம் என்று கூறுதல் நேர்மையாகாது. சட்டம் உலோகத்தையே எடைபோட்டபோது கண்டவரும் உலோகத்தையே எடைபோட்டனர்.

மலைநாட்டுத் தமிழரின் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த புதுக்கோட்டைச் சீமையிலேயே பெரும்புதையல் ஒன்று வெளிப்பட்டது. 1898ஆம் ஆண்டிலே கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அறிஞர் ஹில் அவற்றை அவ்வாண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசனுடைய தலையுருவின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டனர் என்று சங்கப் புலவர் கூறியதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை. அவ்வெட்டுத் தழும்பின் கருத்து யாது என்பது பற்றி அறிஞரிடையே பல கருத்துகள் உள. வேற்றரசனின் முகம் தன் நாட்டிற் செலாவணியாகக் கூடாது என ஒருவன் எண்ணியிருப்பின், காசின்மீது அரசுகள் கொண்டாடும் உரிமையின் மிகப் பழைய தடயம் அதுவேயாகும். அண்மைக் காலத்தை நோக்கின், 2020ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலில் நிலத்தைச் சீர்செய்தபோது செம்பொன்றுள் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவை அரசின் கருவூலத்திற் சேர்ப்பிக்கப்பட்டன. கோயிலின் நிலத்திற் கிடைத்தது இறைவனுக்குரியதா, அரசுக்குரியதா என்று ஊரார் வினவியது இயல்பே.

புதைக்கப்படாத காசுக்கும் அரசு உரிமை கொண்டாடுதல் உண்டு. அமெரிக்காவின் வழக்கொன்றை இங்கே கூறுதல் பொருந்தும். அரசின் உரிமைவாதம் தன் உச்சத்தை அடைந்தது அங்கேயாகும். 1933ஆம் ஆண்டிலே இருபது டொலர்ப் பொற்காசுகள் 445,500 அச்சிடப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் சனாதிபதி ரூசுவெல்ற் மக்கள் பொன்னைப் பதுக்கிவைத்தலைத் தடைசெய்தார். ஆகவே அக்காசுகள் வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. சில மட்டும் எவ்வாறோ அச்சாலையை விட்டு வெளியேறின. ஒன்று எகிப்து அரசர் பாறூக்கின் சேர்க்கையை அடைந்தது. அவர் முடியிழந்தபின் 1954இல் ஏலத்துக்கு வந்து, அமெரிக்க அரசின் வேண்டுகோளால் விலக்கப்பட்டு, மறைந்து, 1996இல் நியூயோக்கில் மீண்டும் தோன்றிக் கைப்பற்றப்பட்டது. நெடிய வழக்கின் பின்னர் இருசாராரும் இணங்கி 2002இல் அதனை ஏலத்தில் விற்றனர். விலை 75 இலட்சம் டொலருக்கும் மேல். அவ்விலையோடு வாங்கினவர் இன்னும் இருபது டொலர் கொடுக்கவேண்டியிருந்தது. அஃது ஏன்? அக்காசு அதுவரை பணமாக வெளியிடப்பட்டதேயில்லை. இருபது டொலர் பெற்றுக்கொண்டு அன்றுதான் அரசு அதனை முறைப்படி 'வெளியிட்டது'! 2021இல் அதே காசு ஏறக்குறைய 189 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது.

அஃதன்றி வேறு பத்துக் காசுகள் பிலடெல்பியா நகரத்து நகைவணிகர் ஒருவரின் குடும்பத்தாரிடம் இருந்தன. வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்த அவற்றை மெய்யானவையா என அறியும்பொருட்டு 2004இல் அவர்கள் அச்சாலைக்குக் கொடுக்க, அரசு அவற்றைத் திருப்பிக் கொடுக்க மறுத்தது. 2011இல் நடுவர் குழு அரசின் பக்கம் தீர்த்தது. 2015இல் மேன்முறையீட்டு மன்றத்து நீதிபதிகள் மூவருள் பெரும்பான்மையோர் குடும்பத்தாரின் பக்கம் தீர்த்தனர். 2016இல் அம்மன்றத்து நீதிபதிகள் ஒருங்குகூடி அத்தீர்ப்பை மாற்றினர். 2017இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. முறையாக வெளியிடப்படாத காசு எத்தனை ஆண்டு கழியினும் அரசின் உடைமையே என்பது முடிவு. அம்முடிவைப்பற்றி எவர் எக்கருத்துக் கொள்ளினும், குடிமக்கள் சிலர் அரசோடு எதிர்நின்று பன்னிரண்டாண்டு வாதாட மன்றங்களின் கதவு திறந்திருந்தது என்பதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி நம் மலைக்கு மீள்வோம். லிந்துலையிலே கான் வெட்டியவர் கண்ட காசு எச்சட்டத்தின்பாற்படும் என்பதை அறிய, முதலில் அம்மலை எச்சட்டத்தால் தோட்டமாயிற்று என்பதை அறிதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்று விதித்தது. கண்டி இராச்சியத்து மலைச்சாரல்களிலே தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டிச் சேனை செய்தவர்களிடம் எழுத்துச் சான்று எங்கே இருக்கும்? சான்றில்லாதது முடியைச் சேர்ந்தது. முடியிடமிருந்து கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. திம்புலைப் பள்ளத்தாக்கும் அதனையடுத்த லிந்துலை, அக்கரப்பத்தனை மலைகளும் இவ்வழியாலேயே கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை கொண்டது; 1885இல் புகைவண்டி நானுஓயாவை எட்டியது.

சரியாக நூறாண்டின் பின், 1940இல், 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பிறந்தது. நிலத்திற் காணப்பட்ட ஒரே காரணத்தால் தொல்பொருள் நிலத்துக்குரியவருடையது ஆகாது என்று அது முதலிற் கூறுகின்றது. பின்னர், நிலத்தின் மேலோ கீழோ, ஆற்றிலோ ஏரியிலோ, இன்னும் கண்டுபிடிக்கப்படாது கிடக்கும் தொல்பொருள்கள் யாவும் முடியின் முழு உடைமையெனக் கொள்ளப்படும் என்கின்றது. 1972இற் குடியரசு தோன்றியபின் முடி என்ற சொல்லின் இடத்தை அரசு என்ற சொல் பெற்றது, பொருள் மாறவில்லை. இரு சட்டங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு அவற்றின் உடன்பிறப்பு விளங்கும். 1840இல் நிலத்தின் மேற்பரப்பைக் கொண்டது எவ்வூகமோ, 1940இல் அதன் அடிவயிற்றைக் கொண்டதும் அவ்வூகமே. எவனும் நிறுவமுடியாதது அரசினுடையது என்பதே அது.

இந்தியச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆங்கே கண்டவர் உரிமையாளர் ஆகலாம்; அரசு விலை கொடுத்து வாங்கும். ஈங்கே கண்டுபிடிப்பதற்கு முன்பே அரசு உரிமையாளன். மண்வெட்டி கலத்திற் படும் கணத்திலேயே காசு அரசினுடையது. எடுத்தவர் அதன் காவலாளி மாத்திரமே. அவர் பெறுவது யாதாயினும் அஃது அரசு தன் உடைமையிலிருந்து அளிப்பதேயன்றி, அவர் தம் பங்காகக் கேட்டுப் பெறுவதன்று. கௌடிலியரின் பன்னிரண்டிலொன்று சிறிதுதான். எனினும் அது பங்கு.

இவ்வாறு கூறுதலால் அரசின் உரிமை முழுவதும் அநீதியானது என்பது எம் கருத்தன்று. அதற்கு வலுவான நியாயம் ஒன்று உண்டு. அதனைச் சேதுக்காசின் வரலாறு காட்டும். நந்தியுருவும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் பொறித்த செப்புக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் அடித்தவை என ஒருகாலத்தில் அறிஞர் சிலர் கருதினர். பெயர் ஒற்றுமை அவர்களை மயக்கிற்று. அக்காசுகள் யாழ்ப்பாணப் பகுதியிலே மிகுதியாகக் கிடைத்தமையும், கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமவில் ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு 'சேது' என்ற சொல்லோடு தொடங்குகின்றமையும் நோக்கப்பட்டபோது உண்மை புலனாயிற்று. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலே இவற்றை யாழ்ப்பாணத்து அரசர்க்குரியனவாகக் கொண்டார். முதலியார் இராசநாயகமும் அவ்வாறே நிறுவினார். எங்கே கிடைத்தது என்ற ஒரு செய்தி இல்லாதிருப்பின், யாழ்ப்பாண அரசு தன் காசையே இழந்திருக்கும். மண்ணிலிருந்து இரகசியமாகப் பெயர்த்து, கடைத்தெருவில் விலைபேசி, வெளிநாட்டுச் சேர்ப்போர் ஒருவரின் பேழையை அடைந்த காசு அழகாயிருக்கும்; ஆனால் ஊமையாயிருக்கும். அதற்கு ஊரில்லை, உடன்கிடந்த பொருளில்லை, மண்ணின் ஆழமில்லை. இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளை யோன் சுதில் 1907இல் தொகுத்தாராய முடிந்ததும் கிடைத்த இடங்கள் குறிக்கப்பட்டிருந்தமையாலேயே.

ஆகவே அரசின் உரிமை காசின் விலைபற்றியதாயின் அது வலியாரின் உரிமை. காசின் சான்றுபற்றியதாயின் அது கற்போர் எல்லாருடைய உரிமை. முதலாவதைக் காப்பதற்குச் சிறைச்சாலை போதும். இரண்டாவதைக் காப்பதற்குக் கண்டவருடைய நல்லெண்ணம் வேண்டும். ஏனெனில் எவ்விடத்தில், எவ்வாழத்தில், எதனோடு கிடந்தது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. அச்சத்தால் வாய்மூடியவரிடமிருந்து காசைப் பறிக்கலாம், செய்தியைப் பறிக்கமுடியாது. இன்றும் இந்நாட்டிலே புதையல் தோண்டினர் என்று கைதாவோரைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. அவர்கள் தோண்டிய குழிகளில் வரலாறு சிதைந்தது உண்மை. ஆனால் பயிருக்கெனக் கான் வெட்டியபோது தற்செயலாகக் கண்டவரும் அக்கைதிகளோடு ஒருவராக எண்ணப்படுவேனோ என்று அஞ்சும் நிலையிலே, காசு மீண்டும் மண்ணுக்கோ உலைக்கோதான் செல்லும்.

அக்கண்டவர் யார் என்பதையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1940இற் சட்டம் பிறந்தபோது அவர் நிலமற்றவர். தாம் வாழும் லயத்துக்கும் உரிமையற்றவர். எட்டாண்டின் பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இற் செய்யப்பட்ட சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. அங்கே பங்கிடப்பட்டவை காசுகள் அல்ல, மனிதர். குடியுரிமை அற்றிருந்தோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே பெரும்பாலும் முடிவுற்றது. இவ்விடைக்காலத்திலே தோட்டங்களும் கைமாறின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசு அவற்றைக் கொண்டது. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பழம்பொருள் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவானது, ஆதலின் அரசு அதனைக் காக்கின்றது என்ற கொள்கை சிறந்ததே. ஆயின் தம்மை அம்மக்களுள் ஒருவராக எண்ணாத அரசின் கையிலே, தாம் கண்ட காசைப் பொதுவுடைமை எனக் கருதி மகிழ்ந்து கொடுக்குமாறு ஒருவரைக் கேட்பதற்கு அரை நூற்றாண்டுக் காலம் யாருக்கு வாயிருந்தது?

இன்னும் ஒன்று உண்டு. 1940ஆம் ஆண்டின் சட்டம் தொல்பொருள் என்பதற்கு ஓர் எல்லைநாள் குறித்தது. அது 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்நாளுக்கு முற்பட்ட காசு தொல்பொருள், பிற்பட்டது அன்று. இராச்சியங்களின் கதை முடிந்த நாளே வரலாறும் முடிந்த நாளெனக் கொண்டதுபோலும் இது. மலைநாட்டுத் தமிழரின் கதையோ அந்நாளின் பின்னரே தொடங்குகின்றது. ஆகவே அவர்கள் இம்மலைகளிலே விட்டுச்சென்ற எதுவும் இவ்வரையறைக்குள் வருவதில்லை.

அவர்கள் விட்டுச்சென்ற உலோகத் துண்டுகளோ சிலவல்ல. கோப்பிக் காலத்திலே கொழும்பிற் கோப்பி உலர்த்திப் பதப்படுத்திய ஆலைகள் தம் தொழிலாளர்க்குச் செப்பு வில்லைகளைக் கூலிக் கணக்குக்காக வழங்கின. லோசிலி என்பார் 1895இல் இலண்டன் நாணயவியற் சஞ்சிகையிலே இலங்கைக் காசுகளோடு இவ்வில்லைகளையும் தொகுத்து எழுதினார். அரசன் முத்திரை இல்லாத, ஆனால் உழைப்பை அளந்த காசுகள் அவை. அவற்றினும் நெஞ்சை வருத்துவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கட்டு. தோட்டத்தின் பெயரும் ஓர் இலக்கமும் பொறித்த சிறு தகர வில்லை அது. தென்னிந்தியாவிலே ஆள் சேர்க்கப்பட்டவர் அதனைத் தம்முடன் கொண்டுவந்தார். எத்தோட்டத்துக்கு அனுப்புவது என்பதையும், வழிச்செலவை எத்தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதையும் அவ்வில்லையே காட்டியது. வழிச்செலவு பின்னர் அவர் பெயரிலே கடனாயிற்று. அரசன் காசு இன்ன அளவு பொன் எனக் கூறும். இவ்வில்லை இன்ன அளவு கடன் எனக் கூறியது. தொழிலாளரைக் கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இத்தகர வில்லைகள் இன்று அரும்பொருள் சேர்ப்போர் தேடும் பொருள்களாகிவிட்டன. அவற்றை விற்பதையும் வாங்குவதையும் 1940ஆம் ஆண்டின் எல்லைநாள் தடுப்பதில்லை. பொலநறுவை அரசி லீலாவதியின் செப்புக்காசைக் கான் வெட்டுமிடத்திற் கண்டால் அஃது அரசுக்குரியது. தன் பாட்டனின் தகர டிக்கட்டைக் கண்டால் அதற்கு உரிமை கூற எந்த அரசும் முன்வரவில்லை. எது உரிமை கோரப்படுகின்றது என்பதனாலேயே எது வரலாறாக மதிக்கப்பட்டது என்பதை அறியலாம். கம்பளைக்கு அண்மையிலே, பழைய பீக்கொக் தோட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைப் பொருள்களைப் பேணும் அருங்காட்சியகம் ஒன்று பழைய லய வீட்டிலே அமைந்திருக்கின்றது. அதனை அமைத்தது அரசன்று. நம் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது, வீட்டுப் பெட்டியின் அடியிலோ சாமிப்படத்தின் பின்புறத்திலோ இத்தகைய வில்லை ஏதும் கிடக்கின்றதா என்று பெரியோரைக் கேட்டுப் பார்ப்பாராக. கிடைத்தால் அதனைத் துலக்கவேண்டா. தோட்டத்தின் பெயரையும், இலக்கத்தையும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வைத்தால் போதும்.